புதுத் துணியைக் கந்தலாக்கும் கலை

எங்கள் வீட்டில் ஒரு சுங்குடிப் புடவை சாவதற்குக் குறைந்தது பத்து வருஷம் ஆகும். வாங்கின புதிதில் கோயில், கல்யாணம், டாக்டர் வீடு என்று அம்மாவோடு வெளியே போய்வரும். சாயம் வெளுத்ததும் வீட்டுப் புடவை. உட்காரும் இடத்தில் வெளிச்சம் தெரிய ஆரம்பித்ததும் மிச்சமிருக்கும் நல்ல பாகம் எனக்குப் பாவாடை. பாவாடை முழங்காலுக்கு ஏறினால் தலையணை உறை. உறவில் யாராவது பிள்ளை பெற்றிருந்தால் நடுவில் தூளியாகவும் இடுப்புத் துணியாகவும் கொஞ்ச நாள் சேவை. அந்தத் துண்டுகள் அதற்கப்புறம் சாமி பக்கம் வரக் கூடாது. சோற்றுப் பானை இறக்கும் கரித்துணியாகத்தான் அவற்றின் பிழைப்பு முடியும். தீட்டுப் படாத ஓரத்தை மட்டும் ஆச்சி முன்பே கிழித்து எடுத்துத் துவைத்துக் காயவைத்து, தொடையில் வைத்துத் திரித்து விளக்குத் திரியாக்குவாள். அது நல்லெண்ணெயில் எரிந்து நல்ல கதி அடையும்.

இந்த நீண்ட பயணத்தில் புடவை இடையில் இறங்கிக்கொள்ள ஒரே வழி, எவர்சில்வர் பாத்திரக்காரி. அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு எங்கள் துணிகளைப் பிரித்துப் பார்க்கும் தோரணையைப் பிற்காலத்தில் வங்கியில் நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்தபோது நானும் பயன்படுத்தியிருக்கிறேன். அப்பாவின் டெரிலின் பேன்ட், அத்தையின் நைலக்ஸ் புடவை என்றால் எடுத்துக்கொள்வாள். ஜரிகை இருந்தால் முகம் மலரும். பருத்தியைத் தொடக்கூட மாட்டாள். பேரம் முடிந்து ஒரு டம்ளரோ மூடியில்லாத தூக்குவாளியோ வீட்டுக்குள் வரும். மிச்சம் நிற்கும் பருத்திக் குவியல்தான் எங்களுக்குப் போர்வையாகும். அதாவது, நாங்கள் போர்த்திப் படுத்தது பாத்திரக்காரியே வேண்டாமென்று ஒதுக்கியது.

போர்வை தைப்பது கோடை விடுமுறையில். பாளையங்கோட்டையில் குளிர் என்பது மார்கழியில் விடியற்காலை ஒரு மணி நேரம். அதுவும் சில வருஷம் வராது. ஆனாலும் வருஷம் தவறாமல் போர்வை தைத்தார்கள். இலவம்பஞ்சு மெத்தை அப்பாவின் கட்டிலுக்கும் விருந்தாளிக்கும். பத்தமடை கூப்பிடு தூரத்தில் இருந்தும் எங்களுக்கு வாய்த்தது சாதாரணக் கோரைப் பாய்தான். பட்டுப் பாயெல்லாம் கல்யாணச் சீர். கோரை முதுகில் வரி வரியாகப் பதியாமல் இருக்கப் பாய்மேல் இந்தப் போர்வையை விரிப்போம். போர்த்துவது ஏறக்குறையக் கிடையாது.

தார்சாவில் தரையைத் துடைத்துவிட்டு நாலு மடிப்புப் புடவையை ஒன்றன்மேல் ஒன்றாக விரிப்பார்கள். காற்றில் எழும்பாமல் இருக்க ஒரு மூலையில் அம்மிக் குழவி, ஒரு மூலையில் பக்காப் படி, ஒரு மூலையில் நான். நல்ல புடவை மேலேயும் அடியிலேயும் வரும். கிழிசல் எல்லாம் உள்ளே. ஓரத்தை மடித்துத் தைத்துவிட்டு, ஓரத்திலிருந்து உள்நோக்கி வரிசை வரிசையாக நூலோட்டிக்கொண்டே வருவார்கள். அம்மா ஒரு பக்கம், எதிர்வீட்டு மதினி ஒரு பக்கம், பக்கத்து வீட்டு டீச்சர் ஒரு பக்கம், நாலாவது பக்கத்துக்கு அன்றன்றைக்கு யார் அகப்படுகிறார்களோ அவர்கள். பேச்சு நூலைவிட நீளமாக ஓடும். எந்த வீட்டில் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், யார் வீட்டு வளையல் மார்வாடி கடையில் இருக்கிறது, எந்த ஆபீசர் எந்த டைப்பிஸ்டுக்கு அல்வா வாங்கிக் கொடுத்தார் என்று பாளையங்கோட்டையின் நிஜமான வரலாற்றை அந்த மூலையில் கனமாக உட்கார்ந்துதான் நான் கற்றுக்கொண்டேன்.

ஆச்சிக்கு ஒரு கொள்கை இருந்தது. பொம்பளை சும்மா உட்கார்ந்தால் மூதேவி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். அம்மா தூணில் சாய்ந்து ஒரு நிமிஷம் கண்ணை மூடினால் போதும், அடுக்களையிலிருந்து குரல் வரும்: "அந்தத் தூணு தன்னால நிக்கும். நீ எந்திரி." கையில் கீரை இருந்தால் உட்காரலாம். முறத்தில் அரிசி இருந்தால் உட்காரலாம். கீரை அரை மணியில் ஆய்ந்து முடிந்துவிடும். அரிசியில் அவ்வளவு கல் கிடையாது. "ஏ, அங்க என்ன செய்யுத?" என்று குரல் வரும்போது, "போர்வை தைக்கேன் அத்தை" என்று அம்மா பதில் சொன்னால் மட்டும் அதற்குமேல் கேள்வி வராது.

ஒரு போர்வைக்கு மூன்று மாசம் ஆகும். நாலு பேர் கைவைத்தும் ஏன் அவ்வளவு நாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது, பகலில் தைத்த ஒரு வரிசையை அம்மா பிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "கோணலா போயிட்டு" என்றாள். நாற்பது வாட் பல்பு வெளிச்சத்தில் எனக்கு நேராகத்தான் தெரிந்தது.

பிறகு தையல் மிஷின் வந்தது. 1976-ல், கூட்டுறவுச் சங்கத்தில் கடன் போட்டு அப்பா வாங்கிய கறுப்பு உஷா. வந்த அன்றைக்குச் சந்தனம் வைத்துக் கற்பூரம் காட்டினோம். மறுநாளே அதற்கு ஓர் உறை தயாராயிற்று. உறையில் இரண்டு கிளிகள், நடுவில் ஆங்கிலத்தில் 'குட் நைட்'. தலையணைக்கென்று வாங்கி வைத்திருந்த பூவேலை மாதிரி அது. மிஷினும் தூங்கட்டுமே என்று விட்டுவிட்டார்கள்.

தையல் மிஷினுக்குக் காந்தியின் ஆசி உண்டு. 1924-ல் டில்லியில் ராமச்சந்திரன் என்ற இளைஞர், நீங்கள் எல்லா இயந்திரத்துக்கும் எதிரியா என்று அவரிடம் கேட்டார். காந்தி விலக்குக் கொடுத்தது தையல் மிஷினுக்கு. மனைவி கையால் தைத்துத் தைத்து அலுத்துப்போவதைப் பார்த்த சிங்கர், அவள்மேல் வைத்த அன்பினால் அதைச் செய்தார் என்பது காந்தி சொன்ன காரணம். 1851-ல் காப்புரிமை வாங்கிய அந்த ஐசக் சிங்கரின் வாழ்க்கையில் அன்புக்குக் குறைவில்லைதான். பல பெண்களிடம் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். எந்த அம்மாளின் விரல் நோகக் கூடாதென்று நினைத்தாரோ! கேள்வி கேட்ட ஜி. ராமச்சந்திரன் பிற்பாடு டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து 1947-ல் காந்திகிராமத்தை நிறுவினார். காந்திகிராமத்துக்கு அடுத்த ஊர் சின்னாளபட்டி. அம்மாவின் சுங்குடிகள் அத்தனையும் அங்கிருந்து வந்தவை. மிஷினும் துணியும் இப்படி ஒரு சுற்றுச் சுற்றி எங்கள் தார்சாவில் சந்தித்துக்கொண்டன.

சந்தித்த பிறகு போர்வை தைப்பது நின்றுபோனது. மூன்று மாச வேலை ஒரே மத்தியானத்தில் முடிந்துவிடுகிறது. நாலு பேர் சுற்றி உட்கார வழியில்லை. ஒருத்தி மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து காலை ஆட்ட வேண்டும். மிச்சமான நேரத்தில் அம்மா ஓய்வெடுத்தாளா என்றால், தெருவில் உள்ள ஜாக்கெட் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தது. பள்ளிக்கூடச் சீருடை, உள்பாவாடை, ஜன்னல் திரை, யாரோ ஒரு பெரியப்பாவின் அரை டிராயர். "உங்க வீட்லதான் மிஷின் இருக்குல்லா" என்பார்கள். காந்தி கண்ட அந்த அன்பு எங்கள் தெரு வரைக்கும் எட்டவில்லை.

அடுப்பு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் ரொட்டி என்றால் காய்ச்சல். தெர்மாமீட்டர் நூறைத் தாண்டினால் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு முருகன்குறிச்சிப் பக்கம் போய்ப் பேக்கரி ரொட்டி வாங்கிவருவார். பாலில் தோய்த்து ஊட்டுவார்கள். நல்ல உடம்போடு இருக்கும் ஒருவர் ரொட்டி தின்பதைப் பார்த்தால், "என்ன, மேலுக்கு முடியலையா?" என்று கேட்காமல் போகமாட்டார்கள். சென்னை மாமா வீட்டில்தான் மெழுகுத் தாளில் சுற்றிய மாடர்ன் ரொட்டியை முதலில் பார்த்தேன். ரொட்டி சுடுவதற்கென்றே இந்திய அரசு 1965-ல் தொடங்கிய கம்பெனி அது, 2000-ல் விற்றுவிட்டார்கள். மாமா வீட்டில் எல்லாரும் நல்ல ஆரோக்கியத்தோடு காலையில் அதைத் தின்றார்கள். நான் ஊர் திரும்பி அதைச் சொன்னபோது ஆச்சி நம்பவில்லை. பட்டணத்துத் தண்ணி அப்படி, எல்லாருக்கும் உள்காய்ச்சல் இருக்கும் என்றாள்.

கேக் என்பது டீச்சர் வீட்டு விவகாரம். கிறிஸ்மஸுக்கு முன்வாரம் அவர்கள் வீட்டில் முட்டை அடிக்கும் சத்தம் ஊசிக்கோபுரத்து மணிக்கு இணையாகக் கேட்கும். வீட்டில் கலந்த மாவைத் தகர டின்களில் ஊற்றி, டின்மேல் பெயர் எழுதிய சீட்டைக் கட்டி, பேக்கரிக்குத் தூக்கிப் போவோம். பிள்ளைகள் எல்லாரும் போவோம், சைவமும் வேதமும் சேர்ந்து. அங்கே விறகு எரித்துச் சூடேற்றிய பெரிய செங்கல் அடுப்பு. ராத்திரி ரொட்டி வேலை முடிந்தபின் அந்தச் சூட்டிலேயே ஊரார் கேக்கெல்லாம் வேகும். சீட்டு கருகிவிடும். யாருடைய டின் யாருக்கு வந்தது என்பது கர்த்தருக்கே வெளிச்சம். ஒரு வருஷம் டீச்சர், "இது நம்ம வீட்டுக் கேக் இல்ல, முட்டை கம்மி" என்று முதல் வாயிலேயே சொல்லிவிட்டார்கள். எதிர்த்த தெருவில் யார் வீட்டில் அன்றைக்குக் கேக் வழக்கத்துக்கு மாறாக உப்பியிருக்கிறது என்று கண்டுபிடிக்க எங்களை அனுப்பினார்கள். கண்டுபிடித்தோம். தின்றுமுடித்திருந்தார்கள்.

அம்மாவுக்கும் ஆசை வந்துவிட்டது. எங்கள் அடுக்களைக்குள் முட்டை வராது. மில்க்மெய்டு டப்பாவின் தாளில் முட்டையில்லாத கேக் செய்முறை போட்டிருந்தது. தாமிரபரணி மணலை நானும் தம்பியும் அள்ளிவந்தோம். அப்போது மணல் அள்ளக் குழந்தைகள் போதும், லாரி தேவைப்படவில்லை. அலசிக் காயவைத்த மணலைக் குக்கருக்குள் பரப்பி, விசிலையும் ரப்பரையும் கழற்றிவிட்டு, டால்டா தடவிய ஈயப் பாத்திரத்தை உள்ளே வைத்து, புறவாசல் கரி அடுப்பில் ஏற்றினாள். ஆச்சி எட்டியே பார்க்கவில்லை. சாயங்காலம் கவிழ்த்துத் தட்டியபோது மேலே பொன்னிறம், அடியில் கறுப்பு, நடுவில் கிளறினால் ஒட்டும். அப்பா ஒரு துண்டு வாயில் போட்டு யோசித்துவிட்டு, "அல்வா மாதிரி இருக்கு" என்றார். திருநெல்வேலிக்காரர் ஒருவர் இதைவிடப் பெரிய பாராட்டையும் சொல்ல முடியாது, இதைவிட மரியாதையாகக் குறையும் சொல்ல முடியாது. மில்க்மெய்டு டப்பா அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ரவை அளக்கும் பாத்திரமாக நெடுங்காலம் இருந்தது. கேக்குக்கு அந்த ஆயுள் இல்லை.

இதெல்லாம் வீட்டில் செய்யும் இன்பம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. கடையில் வாங்க வக்கில்லாதவர்கள் வீட்டில் செய்தார்கள், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் வயர் கூடையில் டிபன் கொண்டுவருபவள் நான். தோல்பை கொண்டுவருபவள் வக்கீல் மகள். சிவன்கண் முடிச்சுப் போட்டு அம்மா மூன்று வாரம் பின்னிய கூடை அது. நான் அதைப் பாவாடை மறைவில் வைத்துக்கொண்டு நடப்பேன்.

இப்போது மகன் வீடு சோழிங்கநல்லூரில் பதினான்காவது மாடியில். கீழே வரவேற்பு அறையில் ஓர் ஆட்டுக்கல்லைப் போட்டு அதன் குழியில் தண்ணீர் ஊற்றிச் செவ்வந்திப் பூ மிதக்கவிட்டிருக்கிறார்கள். அம்மா முதல்தடவை அதைப் பார்த்ததும் ஒதுங்கி நடந்தாள். நாற்பது வருஷம் அவள் தோளைப் பிடுங்கிய கல் அது. எங்கள் வீட்டில் கோயம்புத்தூர்க் கிரைண்டர் வந்த அன்றைக்கே ஆட்டுக்கல்லைப் புறவாசலுக்கு உருட்டிவிட்டு, அதற்கப்புறம் அந்தப் பக்கமே திரும்பாதவள். அம்மாவுக்கு எண்பத்து நாலு வயது. கண் நன்றாகத் தெரிகிறது. காது, வேண்டியது மட்டும் கேட்கிறது.

மருமகள் மென்பொருள் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள். நானும் அம்மாவும் போயிருந்த வாரம், சனிக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் முன்கூட்டியே திட்டம் போட்டிருந்தாள். போன் கிடையாது, ஸ்விக்கி கிடையாது. எல்லாம் கையால், எல்லாம் வீட்டில். குவில்ட் என்கிற ஒட்டுப் போர்வை வகுப்புக்குப் பணம் கட்டியாகிவிட்டது. எவ்வளவு என்று கேட்டேன். 1972-ல் அப்பா ஒரு வருஷம் முழுக்கத் தாலுகா ஆபீசில் உட்கார்ந்து வாங்கிய சம்பளம் ஏறக்குறைய அவ்வளவு. இப்படி ஒப்பிடக் கூடாது, பணவீக்கம் என்று ஒன்று இருக்கிறது என்பான் மகன். வங்கியில் முப்பது வருஷம் இருந்தவளுக்குப் பணவீக்கம் தெரியாதா? ஒப்பிடுவதில் ஒரு சுகம். விட மனசில்லை.

கட்டிய பணத்துக்கு ஒரு பெட்டி வந்திருந்தது. பச்சை நிறத்தில் வெட்டும் பலகை; அதில் கத்தி பட்ட கீறல் தானே மூடிக்கொள்ளுமாம். பீட்சா வெட்டுவது போன்ற வட்டக் கத்தி. கண்ணாடித் தாளில் சுற்றிய புத்தம் புது பருத்தித் துணிகள். மருமகள் அதைப் பிரித்து, நீவி, இஸ்திரி போட்டு, பலகையில் விரித்து, வட்டக் கத்தியை ஓட்டினாள். ஐந்து அங்குலச் சதுரங்கள் உதிர்ந்தன.

அம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். "ஏட்டி, புதுத் துணியையா வெட்டுதா?"

"ஆமாம்மா."

"எதுக்கு?"

"சேத்துத் தைக்கறதுக்கு."

"சேர்ந்துதானே இருந்திச்சு!"

என்னிடம் பதில் இல்லை. மருமகள் பொறுமையாக விளக்கினாள். அமெரிக்காவில் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்று ஓர் ஊர், பாட்டி. அங்கே கறுப்பினப் பெண்கள் வயல் வேலைக்குப் போட்டுக் கிழிந்த கால்சட்டை, சட்டையை எல்லாம் சேர்த்துத் தைத்தார்கள். அது கலை என்று கண்டுபிடித்து 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் சுவரில் மாட்டினார்கள், அப்புறம் நியூயார்க்கில் விட்னியில். 2006-ல் தபால்தலைகூட வந்தது. லேப்டாப்பில் படங்களைக் காட்டினாள். அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். முட்டி தேய்ந்த கால்சட்டைத் துணி, நீலம் போன இடம், பை இருந்த இடத்தில் மட்டும் வெளுக்காத கருநீலம். அவளுக்கு எல்லாம் தெரிந்த சமாச்சாரம்.

"அந்தப் பொம்பளைகளுக்குத் துட்டு குடுத்தாங்களா?" என்று கேட்டாள்.

மருமகள் தேடிப் பார்த்தாள். 2007-ல் அவர்களில் சிலர் தங்களுக்குச் சேர வேண்டியது வரவில்லை என்று கோர்ட்டுக்கே போயிருக்கிறார்கள். அடுத்த வருஷம் சமாதானமாகப் பேசி முடித்திருக்கிறார்கள். "அதானே பார்த்தேன்" என்றாள் அம்மா. எதைப் பார்த்தாள் என்று சொல்லவில்லை. வகுப்பின் அடுத்த பாடம், ஜப்பானில் குளிர் மிகுந்த வட பகுதியில் பருத்தி விளையாத ஊர் ஏழைகள் சணல் துணியில் ஒட்டுமேல் ஒட்டுப் போட்ட முறையாம். அதற்கு வேறு பெட்டி, வேறு பணம்.

சமையல்மேடையில் ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. புளித்த மாவு ரொட்டிக்கான தாய்மாவு. அதற்குப் பெயர் பாண்டி. காலையும் மாலையும் பாண்டிக்கு எடைக்கு எடை மாவும் தண்ணீரும் தராசில் நிறுத்துக் கொடுக்க வேண்டும். போன மாசம் இவர்கள் ஊட்டிக்குப் போனபோது எதிர் பிளாட்டில் சாவியும் ஓர் அட்டவணையும் கொடுத்துவிட்டுப் போனார்களாம். மகன் சின்ன வயசில் காய்ச்சலில் கிடந்தபோது நான் லீவு போட மேனேஜரிடம் கெஞ்சியது நினைவுக்கு வந்தது. பாண்டி கொடுத்துவைத்தவன்.

ஜாடிக்குப் பின்னால் ஃபிரிட்ஜ். திறந்தால் முதல் தட்டில் கடையில் வாங்கிய இட்லி மாவுப் பாக்கெட்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உளுந்தோடு வரும் நுண்ணுயிர்கள்தான் ராத்திரியோடு ராத்திரியாக இட்லி மாவைப் பொங்கவைக்கின்றன. பாண்டிக்குள் குடியிருப்பவர்களும் அவர்களுக்குப் பங்காளிகள், கூடவே கொஞ்சம் காட்டு ஈஸ்ட். அம்மா கல்லில் ஆட்டி, உப்புப் போட்டுக் கையால் கலந்து மூடிவைப்பாள். காலையில் பொங்கியிருக்கும். யாரும் பெயர் வைத்ததில்லை, அதற்காக ஊட்டிக்குப் போகாமல் இருந்ததில்லை. (ஊட்டிக்கே போனதில்லை என்பது வேறு விஷயம்.) மருமகளிடம் இதைச் சொன்னேன். "இட்லி மாவு டெய்லி வேலை அத்தை. டெய்லி வேலைக்கு யாருக்கு டைம் இருக்கு? இது வீக்எண்ட்" என்றாள். நியாயம்தான். எங்கள் காலத்தில் வாரக் கடைசி என்று ஒன்று ஆண்களுக்கு இருந்ததாகக் கேள்வி.

சனிக்கிழமை மத்தியானம் ரொட்டி வெந்தது. மேலோடு சிங்கம் வாய் பிளந்த மாதிரி வெடித்து, வீடெல்லாம் மணம். நான் பொய் சொல்ல மாட்டேன், அப்படி ஒரு ரொட்டியை நான் தின்றதில்லை. உள்ளே லேசான புளிப்பு, வெளியே மொறுமொறுப்பு. கடையில் முந்நூற்றைம்பது ரூபாயாம். அம்மா பல்செட்டைக் கழற்றிவைத்துவிட்டு, துண்டைக் காப்பியில் நெடுநேரம் ஊறவிட்டுப் பார்த்துவிட்டு, "மெஷின்ல வெட்டி வருமே, அந்த ரொட்டி இல்லையா? ஜாம் தடவித் திங்கலாமே" என்றாள். காய்ச்சல் இல்லாமல் வெள்ளை ரொட்டி தின்பது அவளுக்கு இன்னும் ஆடம்பரம்தான். பேரன் இறங்கிப் போய் நாற்பத்தைந்து ரூபாய்க்கு வாங்கிவந்தான்.

அதன்பின் மருமகள் தையலை எடுத்துக்கொண்டு பால்கனி ஓரமாக உட்கார்ந்தாள். போன்கள் எல்லாம் ஒரு வயர் கூடைக்குள். அசல் சிவன்கண். பெசன்ட் நகரில் ஒரு கடையில் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு வாங்கியிருக்கிறாள். அம்மா அதைத் திருப்பிப் பார்த்து, அடிமுடிச்சைச் சரியாக இறுக்கவில்லை என்று மட்டும் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊசிக்கு நூல் கோர்த்துக் கொடுத்தேன். மருமகள் மெதுவாகத் தன் ஆபீஸ் கதைகளை அவிழ்த்தாள். யார் ராஜினாமா கொடுத்துவிட்டு மனசு மாறினார், எந்த மேலாளர் யாருடைய யோசனையைத் தன் யோசனையாக மேலே சொன்னார், எந்த இரண்டு பேர் இப்போது லிஃப்டில் பேசிக்கொள்வதில்லை. நடுவில் அல்வா இல்லாத குறை ஒன்றுதான்.

நாலு மணி இருக்கும், கூடைக்குள் ஒரு போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. மருமகள் எடுத்தாள். அந்தப் பக்கம் யாரோ, ஒரு சின்ன விஷயம், பத்து நிமிஷம் லாக்இன் பண்ண முடியுமா என்று கேட்பது எங்களுக்கே கேட்டது.

"இல்லை, நான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருக்கேன்" என்றாள். "முன்னாடியே புக் பண்ணது. குவில்ட்டிங்."

அந்தப் பக்கத்தில் ஒரு நிமிஷம் மரியாதையான மௌனம். பிறகு, ஓ, ஸாரி, என்ஜாய் பண்ணுங்க என்று குரல் விலகியது. வீட்டில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தால் அந்தப் பத்து நிமிஷம் ராத்திரி பத்து மணி வரைக்கும் போயிருக்கும். அம்மா டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் குறைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒன்பது சதுரம் ஒன்றாகச் சேர்ந்திருந்தது. அதை ஒரு மேஜை விரிப்பு என்று சொல்லலாம், குட்டி மேஜையாக இருந்தால். நெல்லை எக்ஸ்பிரஸுக்கு நேரமாகிவிட்டது. மருமகள் கொஞ்சம் வருத்தத்தோடு, "இந்த ஸ்பீட்ல போனா முடிக்க ஒரு வருஷம் ஆகும் போல பாட்டி. அடுத்த வாரம் மெஷின் வாங்கிடலாம்னு பார்க்கறேன். குவில்ட்டுக்குன்னே ஒண்ணு இருக்கு, ஒரே நாள்ல முடிச்சிடலாம்" என்றாள்.

அம்மா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். டிவி எவ்வளவு சத்தமாக இருந்தாலும் கேட்காத காது அது.

"மிஷின் கிஷின் வாங்கிராத" என்றாள். "கையாலேயே தை. சீக்கிரம் முடிச்சிராத. முடியிற மாதிரி இருந்தா, ராத்திரி ஒரு வரிசையப் பிரிச்சு விட்டுரு."

மருமகள் சிரித்தாள், கிழவி தமாஷ் பண்ணுகிறாள் என்று. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் பேரன் பக்கம் திரும்பி, ரயிலுக்கு அந்தக் கடை ரொட்டியில் நாலு துண்டு ஜாம் தடவிக் கட்டச் சொன்னாள். ஓரத்தை வெட்டிவிடச் சொன்னாள்.